பாங்கும் பாலும்: 29 வாரத்தில் பிறந்த குழந்தையின் பெற்றோர் – ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

காவிரி டெல்டா மாவட்டம் ஒன்றில், பெரிய மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் தாய்ப்பால் ஆலோசகராக இருக்கிறேன். குடும்பத்தின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன். மருத்துவ விவரங்கள் கேஸ் ஷீட்டிலிருந்து வந்தவை. மற்றவை என் குறிப்பேட்டில் இருந்தவை.

தாய்க்கு 26 வயது, தலைப்பிரசவம். 28-வது வாரத்தில் ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதமும் தெரிந்ததால் வார்டில் சேர்த்தார்கள். குழந்தையின் நுரையீரலுக்காக ஸ்டீராய்டு ஊசி, தாய்க்கு வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் சல்பேட் எல்லாம் போட்டும் அழுத்தம் இறங்கவில்லை. 29 வாரம் முடிந்த மறுநாள் அறுவைச் சிகிச்சை. பெண் குழந்தை, எடை 1,140 கிராம். பிறந்ததும் மூச்சுத் திணறல். நுரையீரலுக்கு சர்ஃபாக்டன்ட் மருந்து, மூக்கு வழியே அழுத்தக் காற்று (வார்டில் சீபாப் என்போம்), மூச்சு நின்று போகாமலிருக்க கஃபீன் என்று சிகிச்சை தொடங்கியது.

தமிழ் முஸ்லிம் குடும்பம், ஹனஃபி வழி (இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்று). கணவருக்கு வளைகுடாவில் வேலை. மனைவியைச் சேர்த்த செய்தி கேட்டு ஒரு மாத அவசர விடுப்பில் கிளம்பினார். குழந்தை பிறந்தபோது அவர் இன்னும் ஊர் வந்து சேரவில்லை.

## முதல் இரண்டு நாள்: பேரீச்சம்பழமும் பாங்கும்

மாமியார் ஒரு சிறிய டப்பாவில் அஜ்வா பேரீச்சம்பழமும், பாட்டிலில் ஜம்ஜம் தண்ணீரும் கொண்டுவந்திருந்தார். பழத்தை மென்று அதன் சாற்றைப் பிறந்த குழந்தையின் மேலண்ணத்தில் தடவுவது தஹ்னீக். மற்ற வீடுகளில் சேனை வைப்பது போலத்தான். இன்குபேட்டரில் சீபாப்போடு கிடக்கிற 1,140 கிராம் குழந்தைக்கு இது கூடாது. புரை ஏறலாம், வாயிலிருக்கும் கிருமி உள்ளே போகலாம்.

இப்படிப்பட்ட நேரத்தில் ‘அதெல்லாம் இங்க கூடாது, வெளியே போங்கம்மா’ என்பதுதான் எங்கள் பிரிவில் வழக்கமாகக் காதில் விழும் பதில். அன்று பணியிலிருந்த மூத்த செவிலியர் வேறு மாதிரி சொன்னார்: “பழத்தையும் தண்ணியையும் மருமகளுக்குக் குடுங்க. அவ சீம்பாலை நாங்க பஞ்சுல தொட்டுப் பிள்ளை வாயில தடவுறோம். பாலாத்தான் போகட்டுமே.” அது சமாளிப்புப் பேச்சும் இல்லை. குறைமாதக் குழந்தையின் கன்னத்தின் உள்பக்கம் சீம்பால் தடவுவது பல பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் முறையாகவே செய்யப்படுகிறது. அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்த தாயிடம் போய்க் கையால் பீய்ச்சியதில் அரை மில்லி வந்தது. மஞ்சளாக, பசை மாதிரி. சிரிஞ்சில் எடுத்து வந்தோம். மாமியார் கண்ணாடிக்கு வெளியே நின்று, சிஸ்டர் பஞ்சைத் தொட்டு வைக்கும்வரை இமைக்காமல் பார்த்திருந்துவிட்டு, பிஸ்மில்லாஹ் சொன்னார்.

அடுத்தது பாங்கு. பிறந்த குழந்தையின் வலது காதில் பாங்கும் (தொழுகைக்கான அழைப்பு), இடது காதில் இகாமத்தும் (தொழுகை தொடங்கும்போது சொல்வது) சொல்ல வேண்டும். தாத்தா தான் சொல்வதாகக் கேட்டார். தாய் தந்தைக்கு மட்டுமே அனுமதி என்பது விதி. தாய் எழுந்து வரும் நிலையில் இல்லை, தந்தை விமானத்தில். தாத்தாவை அனுப்பவில்லை. இரண்டாம் நாள் மாலை தந்தை விமான நிலையத்திலிருந்து பெட்டியோடு நேராக வந்தார்.

உள்ளே வந்த முதல் பத்து நிமிடமும் அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஆக்ஸிஜன் அளவு 91-க்கு இறங்கினால் கையைப் பிசைவார், 94 ஆனால் மூச்சு விடுவார். பாங்கு சொல்ல வேண்டும் என்று கேட்கவே தயங்கினார். சத்தம் போட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னதில் தப்பில்லை. இத்தகைய பிரிவுகளில் சத்தம் 45 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் பரிந்துரைக்கிறது. எங்கள் வார்டில் மானிட்டர் அலறலும், குப்பைத்தொட்டி மூடி விழுகிற சத்தமும் தினமும் அந்த அளவைத் தாண்டுகின்றன. ஒரு தகப்பன் தாழ்ந்த குரலில் சொல்லும் பாங்கு அவ்வளவு இருக்காது.

மருத்துவர் அனுமதித்தார். தந்தை கை கழுவி, கவுன் போட்டு, இன்குபேட்டரின் பக்கக் கதவைத் திறந்து குனிந்தார். முதல் தடவை குரல் உடைந்து நின்றுவிட்டது. மறுபடி தொடக்கத்திலிருந்து சொன்னார். இடது காது சுவர்ப்பக்கம், படுக்கையோடு ஒட்டியிருந்தது. குழந்தையை அடிக்கடி அசைக்கக்கூடாது என்பதால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறைதான் எல்லா வேலையையும் சேர்த்துச் செய்வோம். ‘அடுத்து எப்ப திருப்புவீங்க?’ என்று கேட்டார். ஒன்பது மணிக்கு என்றதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்து, ஒன்பது மணிக்கு வந்து இகாமத் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடப் போனார். அதன் பிறகு அவர் மானிட்டரைப் பார்ப்பது அடியோடு நின்றுவிடவில்லை. ஆனால் குழந்தையையும் பார்க்கத் தொடங்கினார்.

## நான்காம் நாள்: யாருடைய பால்?

இந்த நிகழ்வை எழுதத் தூண்டியதே இந்தப் பகுதிதான்.

தாய்க்குப் பால் போதவில்லை. அறுவைச் சிகிச்சை, மக்னீசியம், தூக்கமின்மை, பயம் எல்லாம் சேர்ந்துகொண்டன. நான்காம் நாள் முழுவதும் சேர்ந்து 30 மில்லிக்குள்தான். இவ்வளவு சிறிய குழந்தைக்கு, தாய்ப்பால் போதாதபோது புட்டிப்பாலைவிட வங்கிப் பால் நல்லது. குடல் அழற்சி வரும் ஆபத்து அதில் குறைவு. எங்களிடம் தாய்ப்பால் வங்கி உண்டு. கொடையாளிகளுக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ், சிபிலிஸ் பரிசோதனை, பாலை 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவது என்று எல்லாம் முறைப்படி நடக்கும். சம்மதப் படிவத்தை நீட்டினோம். தந்தை கையெழுத்துப் போடவில்லை.

பிடிவாதம் என்று ஒரு பயிற்சி மருத்துவர் கேஸ் ஷீட்டில் எழுதியும் விட்டார். காரணம் கேட்டால் தந்தை தெளிவாகவே சொன்னார். ஒரு பெண்ணிடம் பால் குடித்த குழந்தைக்கு அவர் பால்குடித் தாய், அவர் பிள்ளைகள் உடன்பிறப்புகள். அவர்களுக்குள் திருமணம் கூடாது. வங்கியில் பலருடைய பால் கலந்திருக்கும், யாருடையது என்று தெரியாது. “நாளைக்கு இதே ஊர்லதான மேடம் மாப்பிள்ளை பார்ப்போம்?”

உலக அளவிலேயே இது முடிந்துபோன விவாதம் இல்லை. 1985-ல் ஜித்தாவில் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி, முஸ்லிம் நாடுகளில் தாய்ப்பால் வங்கி கூடாது என்று முடிவெடுத்தது. 2004-ல் ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில், தேவைப்படும் குறைமாதக் குழந்தைக்குக் கொடுக்கலாம் என்றது. எத்தனை முறை குடித்தால் உறவாகும் என்பதிலும் வேறுபாடு உண்டு. ஷாஃபி வழியில் ஐந்து முறை, ஹனஃபியில் கொஞ்சம் குடித்தாலும் உறவுதான். ஆக, ‘மூடநம்பிக்கை’ என்று ஒதுக்கிவிட்டுப் போகிற விஷயமில்லை இது. மறுப்பதற்கு முன் அந்த மனிதர் எங்களைவிட அதிகம் யோசித்திருந்தார்.

மருத்துவர் அவர்களுடைய பள்ளிவாசல் அசரத்தை (மார்க்க அறிஞரை) தொலைபேசியில் அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார். வேறு வழியே இல்லாமல் உயிருக்கு ஆபத்து என்றால் வங்கிப் பால் குற்றமில்லை, ஆனால் கொடுத்தவர் யாரென்று தெரிந்தால் நல்லது என்றார் அசரத். குழாய் வழியாகப் போனாலும் அது பால்குடிதானா என்று தாத்தா கேட்டார். ஆமாம், வயிற்றுக்குப் போனால் பால்குடிதான் என்றார்.

கணவரின் தங்கைக்கு நான்கு மாத ஆண் குழந்தை இருந்தது. நிறையப் பால் உள்ளவர். அவரிடமிருந்து எடுத்து, எல்லாப் பரிசோதனையும் செய்து, தனியாகச் சூடாக்கி, கலக்காமல் கொடுக்கலாமா என்று கேட்டேன். எங்கள் வங்கி விதியில் இதற்கு இடமும் இல்லை, தடையும் இல்லை. வங்கிப் பொறுப்பாளர் ஒரு மணி நேரம் யோசித்துவிட்டுச் சரி என்றார். முடிவுகள் வர இரண்டு நாள் ஆகும். அதுவரை தாயின் பாலும் நரம்பு வழி ஊட்டமும் போதும். அதற்கு மேல் தாமதமானால் வங்கிப் பாலுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் வெளிப்படையாகச் சொல்லி, அதையும் எழுதி வைத்தார். தந்தை ஏற்றுக்கொண்டார்.

எல்லாம் பேசி முடித்த பிறகு மாமியாருக்குத்தான் திடீரென்று உறைத்தது. அண்ணன் மகளும் தங்கை மகனும் முறை. இந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோதே, பெண்ணாகப் பிறந்தால் இவனுக்குத்தான் என்று வீட்டில் கேலி பேசியிருக்கிறார்கள். “அடியாத்தீ, அப்ப சம்பந்தம் போச்சா? இவனுக்கு வெளியிலதான் பொண்ணு பார்க்கணுமா?” என்றார். நான்கு மாதப் பையன் ஒன்றும் புரியாமல் அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டிருந்தான். சக்கர நாற்காலியிலிருந்த தாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சிரிக்க வைக்காதீங்க மாமி, தையல் இழுக்குது.” பிரசவத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். 1,140 கிராம் குழந்தைக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்றால், அது வளரும் என்று அந்த அறையில் எல்லோரும் ஒரு நிமிடம் நம்பியிருந்தார்கள் என்று பொருள். நாங்கள் எத்தனை ‘தைரியமா இருங்கம்மா’ சொல்லியும் அது நடக்கவில்லை.

## ஆறாம் நாள்: தந்தையின் நெஞ்சு

குழந்தை சீபாப்பிலிருந்து மாறியது. தாய்க்கு ரத்த அழுத்தம் இன்னும் கட்டுக்குள் வரவில்லை, நீண்ட நேரம் உட்கார முடியாது. குழந்தையை வெறும் நெஞ்சோடு சேர்த்து வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பைத் தந்தையிடம் தொடங்கலாம் என்று முடிவு செய்தோம். 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் போகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய முறை இது. 2021-ல் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வொன்று, நிலைமை சீராகும்வரை காத்திருக்காமல் பிறந்த உடனேயே தொடங்கினால் 28 நாளுக்குள் நேரும் இறப்பு 15.7 விழுக்காட்டிலிருந்து 12 ஆகக் குறைகிறது என்று காட்டியது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை பரிந்துரைத்தது. அந்தக் கணக்கில் பார்த்தால் ஆறாம் நாள் என்பது தாமதம்தான். எங்களிடம் இருப்பது இரண்டு சாய்வு நாற்காலி.

பெண் செவிலியர்கள் நடமாடும் இடத்தில் சட்டையைக் கழற்ற அவர் கூச்சப்பட்டார். திரை போட்டு, முன்பக்கம் திறக்கும் கவுன் கொடுத்தோம். குழந்தையை நெஞ்சில் வைத்துத் துணியால் கட்டியதும் முதல் கால் மணி நேரம் மூச்சுகூட விடாமல் மரக்கட்டை போல உட்கார்ந்திருந்தார். அப்புறம் மெதுவாக ஓத ஆரம்பித்தார். சூரா எது என்று எனக்குத் தெரியாது. நெஞ்சு அதிர்வதைக் குழந்தை உணரும் என்று சிஸ்டர் சொன்னதிலிருந்து, கங்காரு நேரமும் ஓதும் நேரமும் அவருக்கு ஒன்றாகிவிட்டது.

தொடக்கத்தில் ‘அல்லாஹ் பார்த்துக்குவான்’ என்று அவர் சொன்னது, எங்களோடு பேச்சை முடிப்பதற்கான வாக்கியமாக இருந்தது. இரண்டாவது வாரத்திலும் அதையேதான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு, ‘இன்னிக்கு எத்தனை மில்லி ஏத்துறீங்க?’ என்று கேட்டார். என் கணிப்பில், கைக்கு ஒரு வேலை கிடைத்த பிறகுதான் அவருடைய நம்பிக்கை அவருக்கே பயன்பட்டது.

## ஒன்பதாம் நாள்: கிருமித்தொற்று

குழந்தை சோர்ந்தது, மூச்சு இடையிடையே நின்றது, வயிறு உப்பியது. கிருமித்தொற்று என்ற சந்தேகத்தில் பாலை நிறுத்தி, ஆன்டிபயாடிக் தொடங்கினார்கள். மறுபடி சீபாப்.

தாய் அன்று பால் எடுக்க வரவில்லை. தாய்மார் அறைக்குப் போனால் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். “யாருக்கு சிஸ்டர் எடுக்கணும்?” பிறகு, இதெல்லாம் தனக்குத் தண்டனை என்றார். ஏழாம் மாதத்தில் அழுத்த மாத்திரையை நான்கு நாள் போடாமல் விட்டாராம். அதனால்தான் இப்படி ஆனது என்று யாரும் சொல்ல முடியாது, இந்த நோய் மாத்திரை போட்டவர்களுக்கும் முற்றுகிறது என்று மகப்பேறு மருத்துவரே வந்து சொல்லச் சொன்னேன். வந்து சொன்னார். தண்டனை என்பதற்குப் பதில் சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. அதை அசரத்தின் மனைவி வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பேசினார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பிரசவ ரத்தப்போக்கு நிற்காததால் தொழுகை இல்லாத நாட்கள் அவருக்கு. தொழவும் முடியாது, பால் கொடுக்கவும் முடியாது என்ற நிலையில் இரண்டு பக்கமும் கதவடைத்தது போல இருந்திருக்கிறது. துஆவுக்கும் (பிரார்த்தனை) திக்ருக்கும் (இறைவனை நினைத்து ஓதுவது) தடையில்லை என்று அந்த அம்மா சொல்லிப் போனார். மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு, பால் எடுக்கும் அறையில் ஒரு கையில் கிண்ணமும் உதட்டில் திக்ருமாக அவரைப் பார்த்ததாக இரவுப் பணி சிஸ்டர் சொன்னார். இரவில் எடுப்பதுதான் சுரப்பைக் கூட்டும் என்று நாங்கள் படித்துப் படித்துச் சொல்வதை, தஹஜ்ஜத் (பின்னிரவுத் தொழுகை) நேரம் என்பதற்காக அவர் தானாகவே செய்தார்.

அந்த நாட்களின் பாலை உறையவைத்தோம். மூன்றாம் நாள் மாலை அவரை அழைத்துப்போய் ஃப்ரீஸரைத் திறந்து காட்டினேன். அவர் பெயரும் தேதியும் நேரமும் ஒட்டிய சிறு பாட்டில்கள் ஒரு தட்டு நிறைய, மேலே பனி படிந்து இருந்தன. ஒரு பாட்டிலின் லேபிளை விரலால் துடைத்துப் படித்தார். “இவ்வளவும் நானா?” என்றார்.

ரத்தக் கல்ச்சரில் கிருமி வளரவில்லை. பன்னிரண்டாம் நாள் பால் மீண்டும் தொடங்கியது. சில நாட்களிலேயே அத்தையின் பால் தேவைப்படவில்லை.

## பதினான்காம் நாள்: பெயர்

ஏழாம் நாள் பெயர் வைத்து, முடி இறக்கி, அகீகா (குழந்தைக்காக ஆடு அறுத்துப் பகிர்வது) கொடுப்பது வழக்கம். ‘வீட்டுக்கு வரட்டும், பார்த்துக்கலாம்’ என்று தந்தை தள்ளிப்போட்டிருந்தார். நிலைக்குமா என்ற பயம்தான். அதனால் கைப்பட்டையில் தாயின் பெயரை எழுதி, அவருடைய ‘குழந்தை’ என்று மட்டுமே இருந்தது. தொற்று அடங்கியதும் தாய்தான் கேட்டார்: பதினான்காம் நாளும் வைக்கலாமே. முடி இறக்குவதை மட்டும் தள்ளிவைக்கச் சொன்னோம். இவ்வளவு சிறிய குழந்தைக்குத் தலை வழியாகத்தான் சூடு அதிகம் போகும்.

பெயரை அட்டையில் எழுதி இன்குபேட்டரில் ஒட்டினோம். ஊரில் ஆடு அறுத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தார்கள். இங்கே தாய்மார் அறைக்கு ஒரு டப்பா இனிப்பு வந்தது. மறுநாள் ரவுண்ட்ஸில் மருத்துவர் பெயர் சொல்லிப் பேசினார். அதற்குப் பிறகு ‘29 வாரம்’ என்று அந்தக் குழந்தையை யாரும் குறிப்பிட்டு நான் கேட்கவில்லை.

## மூன்றாம் வாரம்: பக்கத்துக் கட்டில்

பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு இரட்டைக் குழந்தைகள். சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டவர். அவருடைய அம்மா நாகூருக்கும் முடிந்து வைத்து, இந்தக் குழந்தைக்கும் சேர்த்தே வேண்டியிருந்தார். தர்காவுக்கு நேர்வதை இந்தக் குடும்பம் ஏற்பதில்லை. ஆனாலும் தாய் அந்தப் பாட்டியிடம் ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரட்டையரில் சிறியது இறந்துவிட்டது. அன்றும் மறுநாளும் இந்தத் தாய் கங்காருவுக்கு வரவில்லை. அந்த அறையில் தன் குழந்தையின் எடை ஏறியதைச் சொல்லி மகிழ அவருக்கு வாய் வரவில்லை. என்னிடம் ஒன்று கேட்டார்: “எங்க துஆ ஏத்துக்கப்பட்டுச்சுன்னா, அவங்க வேண்டினது என்ன ஆச்சு?” எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தக் குழந்தை பிழைத்ததற்குப் பிரார்த்தனைதான் காரணம் என்று இந்த ஆய்வைப் படித்து யாரும் சொல்லிவிடக் கூடாது என்று நான் நினைப்பது, அந்தக் கேள்வியால்தான். தொற்று வந்ததும் மருந்து சரியான நேரத்தில் கிடைத்தது, நுரையீரல் ஒத்துழைத்தது, அதிர்ஷ்டமும் இருந்தது.

நாங்கள் செய்தது நடைமுறை சார்ந்தது: தாய்மார் அறையில் படுக்கையை மாற்றிக் கொடுத்தோம், எடையைப் பொதுவில் கூவிச் சொல்வதை நிறுத்தினோம். மூன்றாம் நாள் அவர் வந்தார்.

## முடிவு

20-ஆம் நாள் முதல் கண் பரிசோதனை. இரண்டு கண்ணிலும் விழித்திரைப் பாதிப்பின் முதல் நிலை. சிகிச்சை இல்லாமலே பின்னர் சரியானது. 30-ஆம் நாள் தந்தையின் விடுப்பு முடிந்தது. நீட்டிக்கக் கேட்டும் கிடைக்கவில்லை. எடை அப்போது 1,480 கிராம். போகும் அன்று காலை மூன்று மணி நேரம் நெஞ்சில் வைத்திருந்துவிட்டுக் கிளம்பினார்.

அதன் பிறகு கங்காரு முழுக்கத் தாயும் மாமியாரும்தான். விதிப்படி மாமியாருக்கு அனுமதியில்லை. தந்தை ஊரில் இல்லாததைக் காட்டித் தனி அனுமதி வாங்கினோம். 44-ஆம் நாள், 1,840 கிராமில், தாயிடமே பால் குடித்துக்கொண்டு வீடு திரும்பியது குழந்தை. கேட்புப் பரிசோதனை சரி. குறைமாதத்தைக் கழித்துக் கணக்கிட்ட ஆறாம் மாதப் பரிசோதனைக்கு வந்தபோது கழுத்து நன்றாக நின்றது, புரண்டது. தாய்க்கு அழுத்த மாத்திரை இன்னும் தொடர்கிறது.

## பிரிவில் மாறியது, மாறாதது

சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: ‘குழந்தைக்கு உங்கள் வழக்கப்படி உடனே செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?’ வரும் பதில்களில் பாதி எங்களுக்கு எந்தச் சிரமமும் தராதவை. திருநீறு, மை, கயிறு போன்றவற்றை உள்ளே விட முடியாது. மூடிய உறையில் போட்டு இன்குபேட்டர் ஸ்டாண்டில் தொங்கவிடச் சம்மதிக்கிறோம். தந்தை வர முடியாதபோது அவருக்குப் பதில் ஒருவரை எழுதிக்கொடுக்கலாம். அன்று அந்தத் தாத்தாவை வெளியே நிறுத்தியிருக்க வேண்டியதில்லை என்பதுதான் இதற்குக் காரணம்.

தெரிந்த கொடையாளியின் பாலைத் தனியாகப் பதப்படுத்த ஒரு பக்க நடைமுறை எழுதப்பட்டுள்ளது. யார் பால், யாருக்கு, எத்தனை நாள் என்று இரு குடும்பமும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கிறார்கள். பரிசோதனை முடிவுக்கு இரண்டு நாள் ஆவது மாறவில்லை. அவசரம் என்றால் அது நீண்ட நேரம்தான்.

கங்காருவை முதல் நாளிலேயே தொடங்குவது இன்னும் நடக்கவில்லை. தாய்க்கும் குழந்தைக்கும் சேர்த்து ஒரே அறை வேண்டும், இரவில் கூடுதலாக ஒரு செவிலியர் வேண்டும். நாற்காலி மட்டும் இரண்டிலிருந்து ஐந்தாகியிருக்கிறது. அதில் ஒன்று இந்தக் குடும்பம் வாங்கிக் கொடுத்தது.